போனா, லப்டொப்பா, காசு கட்டி வகுப்பா, நாலு பேர் சேர்ந்தா? வன்னியில் இருந்துகொண்டு இணையத்தில் படிக்க நினைப்பவர்களுக்கு

இந்த இரண்டு மாதத்துக்குள் மூன்று பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தி மல்லாவிப் பக்கத்துத் தங்கச்சி, பம்பைமடுவில், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். பைதன் என்ற நிரல்மொழி படிக்க வேண்டும், கையில் போன் மட்டும்தான் இருக்கிறது, லப்டொப் வாங்கும்வரை பொறுப்பதா, இருப்பதை வைத்துத் தொடங்குவதா என்று கேட்டாள். அடுத்தவன் புதுக்குடியிருப்புத் தம்பி. ஏ.எல். (உயர்தரம்) முடித்து, கம்பஸ் அனுமதிக்கான இசட் ஸ்கோரும் வந்து, கம்பஸ் கூப்பிடும்வரை வீட்டில் இருக்கிறான். லப்டொப் வாங்கச் சொல்லி மாமா வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பப் போகிறார், அந்தக் காசை ஒரு ஒன்லைன் கோர்ஸுக்குக் கட்டினால் என்ன என்பது இவனுடைய யோசனை. மூன்றாமவர் என்னிலும் மூத்த ஒரு அண்ணா, கிளிநொச்சியில் வேலை, திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்திருக்கிறார். வேலை முடிந்து வந்து, பாடங்கள் போடும் தளமான எல்.எம்.எஸ்.ஸைத் திறந்தால் பத்தாவது நிமிடம் நித்திரை வருகிறதாம்.

மூவருக்கும் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி எனக்கே அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் இதில் நிபுணன் இல்லை. 2020 மார்ச்சில் கம்பஸ்களை மூடியபோது ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு வீட்டில் இருந்து போனில் படித்தவன், இப்போது வவுனியாவில் மென்பொருள் வேலை செய்கிறவன், அவ்வளவுதான். தெரிவு செய்யக்கூடிய நாலு வழிகளையும் நானே முயன்று பார்த்திருக்கிறேன், இரண்டில் நன்றாக அடியும் பட்டிருக்கிறேன்.

## எதை வைத்து அளப்பது?

எல்லோரும் முதலில் கேட்பது "எந்த லப்டொப் நல்லது?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீடியோவின் இருபதாவது நிமிடத்தில் ஒன்றும் விளங்காமல் நின்றுவிட்டால், அடுத்து என்ன செய்வீர்கள்?

தானாகப் படிப்பது பற்றி 1975இல் மல்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர் எழுதியதைச் சுருக்கினால் ஐந்து வேலைகள் வரும். எனக்கு எது தெரியாது என்று கண்டுபிடிப்பது, இலக்கு வைப்பது, எங்கே படிக்கலாம் என்று தேடுவது, எப்படிப் படிப்பது என்று முடிவெடுப்பது, படித்தது ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. இந்த ஐந்தையும் ஏ.எல். வரைக்கும் எங்களுக்காக யார் செய்தார்கள்? ரியூஷன் சேர். எந்த அலகு இந்தக் கிழமை, எந்தப் பாஸ்ட் பேப்பர், எந்தக் கேள்வியை விட்டுவிடலாம் என்பது வரை அவர் சொன்னார், நாங்கள் கொப்பியில் எழுதினோம். இசட் ஸ்கோர் எவ்வளவு உயரமாக இருந்தாலும், அடுத்து எதைப் படிப்பது என்று ஒரு நாளாவது தானாக முடிவெடுத்த பிள்ளைகள் குறைவு. யாருடைய மூளையிலும் குறை இல்லை, அந்தப் பழக்கம் வருவதற்கு இடமே கொடுபடவில்லை.

இதை அளக்கவென்றே கேள்விக்கொத்துகள் இருக்கின்றன. லூசி குக்லியல்மினோ 1977இல் உருவாக்கியது பின்னர் 58 கேள்விகளானது. இணையப் படிப்புக்கென்று தாய்வானில் ஹுங் என்பவரும் அவருடைய குழுவும் 2010இல் வெளியிட்ட அளவுகோலில் ஐந்து பகுதிகள்: தானே வழிநடத்திப் படிப்பது, ஆர்வம், கவனம் சிதறாமல் கட்டுப்படுத்துவது, கணினி இணையத்தில் தன்னம்பிக்கை, இணையத்தில் கேட்டுக் கதைக்கும் தன்னம்பிக்கை. ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்களிடம் பார்த்தபோது கணினி, ஆர்வம், கதைப்பது மூன்றிலும் நல்ல புள்ளி வந்திருக்கிறது. குறைந்த இடங்கள் இரண்டு. தானே வழிநடத்துவதும் கட்டுப்பாடும். தாய்வானிலேயே அப்படி என்றால் மாங்குளத்தில் மட்டும் வேறு விதமாக இருக்குமா என்ன. போனைத் தலைகீழாகக் கழற்றிப் பூட்டுகிற பிள்ளை போனில் படிக்கத் தயார் என்று வீட்டில் நினைக்கிறார்கள், பிள்ளையும் நினைக்கிறது. இரண்டும் வேறு வேறு திறமை.

ஆகவே என்னுடைய முதல் அளவுகோல், யாரும் கேட்காத நாளிலும் அது நகருமா என்பது. மற்றவை:

சிக்னல், டேட்டா, கரண்ட். 360பி தரத்தில் ஒரு மணி நேர யூடியூப் தோராயமாக 300 எம்பி போகும், 720பி என்றால் ஒரு ஜிபிக்கு மேல். கிழமைக்கு மூன்று மணி நேரம், பன்னிரண்டு கிழமை என்று ஒரு கோர்ஸை எடுத்தால் 36 மணி நேரம். கீழ்த்தரத்தில் 11 ஜிபி, மேல்தரத்தில் 36 ஜிபி தாண்டும். வீடியோவோடு நடக்கும் சூம் வகுப்பு மணிக்கு 800 எம்பிக்குக் குறையாமல் இழுக்கும். ரீலோட் போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

செய்து பார்க்க முடியுமா. ஆங்கிலம் கேட்டுப் பழகுவதும் கோட் எழுதுவதும் ஒரே வேலை இல்லை. கருவி உங்கள் பாடத்துக்குப் பொருந்த வேண்டும்.

மொழி. ஏ.எல். வரை தமிழில் படித்துவிட்டுக் கம்பஸில் ஆங்கிலத்தில் விழுகிறோம். பாதி நேரம் பாடம் விளங்காததற்குக் காரணம் பாடமே இல்லை.

சொல்லாமல் வரும் செலவு. விற்கிறவரும் சொல்லமாட்டார், வாங்கித் தருகிற மாமாவுக்கும் தெரியாது.

## வழி 1: கையில் இருக்கும் போனோடு தனியே

மல்லாவித் தங்கச்சி எப்படிப் படிக்கிறாள் என்று ஒருநாள் நேரில் பார்த்தேன். வீட்டுக்குள் ஒரு கோடு சிக்னல், கிணற்றடியில் மூன்று கோடு. ஆகவே கிணற்றுக்கட்டில் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து, அதற்கு மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். பைதன் எழுத பைட்ராய்டு என்ற செயலி. கீபோர்ட் மேலே வந்தால் திரையில் பாதி மறைந்துவிடும், எழுதிய கோடில் ஐந்து வரிதான் தெரியும். ஃபோர் லூப்புக்கு உள்ளே போக வேண்டிய வரி ஒரு இடைவெளி குறைந்து வெளியே நின்றது, பிழை என்று சிவப்பில் காட்டியது, எந்த வரி என்று பார்க்க மேலே தள்ளினால் கீபோர்ட் மறைந்தது, திருத்தக் கீழே வந்தால் பிழை மறைந்தது. முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போயிருந்தது. நடுவில் தகப்பன் வெளிநாட்டிலிருந்து கோல் எடுத்தார், அந்த வீட்டுக்கு அந்தப் போன் ஒன்றுதான்.

இதைப் பார்த்துவிட்டு "போனில் படிக்காதே" என்று சொல்ல நான் தயாராக இல்லை. ஏனென்றால் அவள் முக்கால் மணி நேரமும் எழும்பவில்லை. முதல் அளவுகோலில் அவள் பாஸ். கருவிதான் ஃபெயில்.

போனுக்கென்று நன்றாகப் பொருந்துகிற வேலைகள் இருக்கின்றன. கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியில் பஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அந்த நேரத்தில் ஆங்கில லெக்சர் கேட்கலாம், அங்கிட்ரொய்ட் என்ற செயலியில் கலைச்சொற்களை அட்டை அட்டையாகப் போட்டுப் பாடமாக்கலாம், குவிஸ் செய்யலாம். கம்பஸ் வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவும் கழியாது. கோர்செரா செயலியிலும் எம்.ஐ.டி.யின் ஓபன்கோர்ஸ்வேர் பக்கத்திலும் இந்தியாவின் என்பிடெல் தளத்திலும் வீடியோவை இறக்கி வைக்கலாம். பஸ்ஸில் இருந்துகொண்டு யூடியூப்பை ஓடவிட்டால், முறிகண்டியில் எல்லோரும் தேங்காய் உடைக்க இறங்கும்போது உங்கள் டேட்டா முடிந்திருக்கும்.

கோட் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு ஓடிஜி வயரும் சாதாரண யூஎஸ்பி கீபோர்டும் வாங்குங்கள். போனில் சொருகினால் திரைக் கீபோர்ட் வராது, முழுத் திரையும் உங்களுக்கு. லப்டொப்பின் விலையோடு பார்த்தால் இது டீக்காசு. தங்கச்சி இப்போது அப்படித்தான் செய்கிறாள். முதலில் கொப்பியில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு டைப் செய்கிறாள், அதனால் பிழையும் குறைந்திருக்கிறதாம்.

சொல்லாமல் வரும் செலவு என்ன? கவனம். படிக்கும் அதே திரையில்தான் வட்ஸ்அப் பட்ச் குரூப், டிக்டொக், வீட்டுக் கோல் எல்லாம். அடுத்தது கண். மூன்றாவது, இரண்டு பத்தியாக அடித்த பிடிஎஃப். அதைப் பெருப்பித்துப் பெருப்பித்து வாசித்தவர்களுக்குத் தெரியும், வசனம் முடிவதற்குள் தொடக்கம் மறந்துவிடும்.

இது பொருந்துவது: மொழி, வாசிப்பு, கேட்டல், மீட்டல். எதையும் வாங்குவதற்கு முன் உங்களை நீங்களே சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

## வழி 2: பழைய லப்டொப் ஒன்று வாங்கித் தனியே

புதிது வாங்க வசதி இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போங்கள். கம்பஸ் மாணவர்களுக்கான மாதாந்த மகாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தோடு 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது உண்மைதான், ஆனால் ரூம் வாடகையும் சாப்பாடும் போக அதில் லப்டொப்புக்கு எடுத்து வைக்கலாம் என்று சொல்கிறவர் வாடகை கட்டியிருக்கமாட்டார். எங்களில் அநேகர் வாங்குவது பாவித்ததைத்தான்.

பாவித்ததில் இப்போது ஒரு புதுப் பிரச்சினை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11 போடுவதற்கு இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதனால் ஆறாம் ஏழாம் தலைமுறை மெஷின்கள் மலிவாகக் கிடைக்கும். மலிவைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் பழகச் சம்மதம் என்றால் அந்தப் பழசு நல்ல தெரிவு, செலவு இல்லாமல் வேகமாக ஓடும், கோட் எழுதப் படிப்பவர்களுக்கு ஒரு குறையும் வராது. வணிகக் கற்கை படித்துக் குறிப்பிட்ட விண்டோஸ் மென்பொருளில் அசைன்மென்ட் கொடுக்க வேண்டியவர்கள் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். எட்டு ஜிபி ராம், எஸ்எஸ்டி இரண்டும் இருக்க வேண்டும்.

என் முதல் லப்டொப்பை ஒரு கடையில் வாங்கினேன். "பட்டரி மூன்று மணி நேரம் நிற்கும் தம்பி" என்றார்கள். நின்றது இருபது நிமிடம். அதோடு 2022 வந்தது. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுக்கப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை, அந்தக் கிழமை எனக்கு இரண்டு அசைன்மென்ட். ஒன்றைப் பக்கத்துக் கடையின் ஜெனரேட்டரில் சொருகி முடித்தேன், மற்றதைப் போனில் டைப் செய்து அனுப்பினேன், அட்டவணை எல்லாம் குலைந்துபோய்க் கிடைத்ததாக லெக்சரர் எழுதியிருந்தார். பட்டரி ரிப்போர்ட் எடுக்க விண்டோஸிலேயே ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கடையில் நின்றே ஓட்டி, புதிதாக இருந்தபோது இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை வீதம் மிச்சம் என்று பாருங்கள். கடைக்காரர் முகம் மாறினால் மாறட்டும்.

வாங்கிய பிறகும் செலவு நிற்காது. ஹொட்ஸ்பொட்டில் இணைத்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் அப்டேட்டை இறக்கும், கிழமை டேட்டா ஒரே இரவில் போகும். வைஃபை செட்டிங்ஸில் மீட்டர்ட் கனெக்‌ஷன் என்பதை முதல் நாளே போட்டுவிடுங்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமின்னல் தொடங்கினால் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றுங்கள், எங்கள் ஊரில் இடியால் போன சார்ஜர்களைச் சேர்த்தால் ஒரு கடை போடலாம். கிரவல் வீதியோரத்து வீடு என்றால் புழுதி விசிறியை அடைக்கும்.

சரி, இவ்வளவையும் சமாளித்தால்? கோட், புள்ளிவிவரம், நீண்ட அறிக்கை, வடிவமைப்பு எதற்கும் இதற்கு நிகர் இல்லை. ஆனால் முதல் அளவுகோலில் லப்டொப் உங்களுக்கு ஒரு புள்ளிகூடச் சேர்த்துத் தராது. போனில் படிக்காதவர் லப்டொப்பில் படம் பார்ப்பார், பெரிய திரையில்.

இது பொருந்துவது: போனிலேயே ஒரு மாதம் விடாமல் படித்து, "இதற்கு மேல் இந்தத் திரையில் முடியாது" என்று முட்டி நிற்பவர்களுக்கு. முதல் வருடத்தில் அவசரம் இல்லை, கம்பஸ் கணினி லப்பில் மெஷின் இருக்கிறது. கடைசி வருட ஆய்வுக்கு நிச்சயம் வேண்டும்.

## வழி 3: காசு கட்டி நேரலை வகுப்பு

இதில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது பாடத்தை இல்லை. பாடம் பெரும்பாலும் இலவசமாகவே கிடக்கிறது: மொரட்டுவைப் பல்கலைக்கழகம் மென்பொருள் எழுதக் கற்பிக்கும் கோர்ஸ்களை இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது, என்பிடெல் லெக்சர்கள் கிடக்கின்றன, கோர்செராவில் வசதி இல்லாதவர்கள் நிதி உதவிக்கு விண்ணப்பிக்கலாம். நீங்கள் வாங்குவது "செவ்வாய் இரவு ஏழரைக்கு வா" என்று ஒருவர் சொல்வதை. அது தேவைப்படுகிறவர்களுக்கு அது நியாயமான செலவுதான், வெட்கப்பட ஒன்றும் இல்லை. திகதி குறித்த பரீட்சைக்கும், ஆங்கிலத்தில் வாய் திறந்து கதைத்துப் பழகவும் இதுவே சரி, வீடியோவோடு தனியே கதைத்தால் வீட்டில் பயந்துவிடுவார்கள்.

ஆனால் வகுப்பு என்ற பெயரில் விற்பதெல்லாம் வகுப்பு இல்லை. நான் ஒருமுறை மூன்று மாதக் காசை முற்பணமாகக் கட்டினேன். முதல் கிழமை நூற்றுச் சொச்சம் பேர் சூமில், கேள்வியைச் சட் பெட்டியில் எழுதினால் மேலே ஓடிப்போகும். மூன்றாம் கிழமையிலிருந்து நேரலை நின்றது, பழைய பதிவுகளின் லிங்க் மட்டும் வந்தது. அதே பாடம் அதைவிட நன்றாக யூடியூப்பில் இலவசமாக இருந்தது. குற்றம் பாதி என்னிலும்தான், கட்டுவதற்கு முன் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பேர், என் அசைன்மென்ட்டை ஒரு மனிதர் திருத்துவாரா, கரண்ட் போய் வராமல் விட்டால் பதிவு கிடைக்குமா, மாதம் மாதம் கட்டலாமா. கடைசிக் கேள்விக்கு "முடியாது" என்றால் நான் திரும்பியும் பார்க்கமாட்டேன்.

சொல்லாமல் வரும் செலவு, சூம் டேட்டா. மாதக் கட்டணத்துக்கு மேலே அது தனி. வெளிநாட்டுச் சான்றிதழ் என்றால் டொலரில் கழிக்கும் கார்ட் வேண்டும். என்பிடெல் சான்றிதழ் நேரில் எழுதும் பரீட்சையோடு வருவது, அதற்கு இந்தியா போக வேண்டும், எங்களுக்கு வீடியோ மட்டும்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வகுப்பு முடிந்த அன்றே படிப்பும் முடிந்துவிடும் பலருக்கு. ரியூஷனில் இருந்து இன்னொரு ரியூஷனுக்குப் போன மாதிரி. நோல்ஸ் சொன்ன ஐந்தில் நாலை இன்னொருவர் செய்துகொண்டே இருந்தால் அந்தப் பழக்கம் எப்போது வருவது?

## வழி 4: நாலு பேர், ஒரு லப்டொப்

நான் அதிகம் படித்தது இப்படித்தான், ஆகவே இதில் எனக்குப் பக்கச்சார்பு இருக்கிறது என்று முதலே சொல்லிவிடுகிறேன்.

முறை சுலபம். ஒரே கோர்ஸை எடுக்கும் மூன்று நாலு பேர். வீடியோவை அவரவர் போனில் அவரவர் நேரத்தில் பார்ப்பது. கிழமையில் இரண்டு நாள் ஒரு விறாந்தையிலோ கம்பஸ் லப்பிலோ பிரதேச சபை நூலகத்திலோ கூடி, இருக்கும் ஒரு லப்டொப்பில் செய்வது. ஒருவர் டைப் செய்வார், பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சொல்வார், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். மென்பொருள் நிறுவனங்களிலேயே இப்படி வேலை செய்கிறார்கள். தங்கச்சி முக்கால் மணி நேரம் தேடிய முக்காற்புள்ளியைப் பக்கத்தில் ஒருத்தி இருந்திருந்தால் அரை நிமிடத்தில் கண்டிருப்பாள். விளங்காததைத் தமிழில் கேட்கலாம், தமிழில் விளங்கப்படுத்தலாம். விளங்கப்படுத்த முயலும்போதுதான் எனக்கே விளங்கவில்லை என்பது பலமுறை தெரியவந்தது.

குறை இல்லாமல் இல்லை. லப்டொப் வைத்திருப்பவர் வீட்டுக் கரண்ட், அவர் வீட்டுத் தேத்தண்ணி, அவர் சார்ஜர். மூன்று மாதத்தில் மனவருத்தம் வரும், அதனால் மாதம் ஒரு சின்னத் தொகை சேர்த்து டேட்டாவும் பழுதுபார்ப்பும் அதில் என்று தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லாத ஊர்கள் உண்டு, நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கத்தில் யானைப் பயம் உண்டு, பெண் பிள்ளைகள் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். ஆகவே நேரத்தை மத்தியானத்துக்கு வையுங்கள். தைப் பொங்கலை ஒட்டிக் காலபோக அறுவடை தொடங்கினால் பாதிப் பேர் வயலில் நிற்பார்கள், குரூப் கலையும். அந்த நேரத்துக்கு முன்கூட்டியே இடைவேளை விட்டால் திரும்பச் சேரும், "அடுத்த கிழமை பார்ப்போம்" என்று விட்டால் சேராது. அப்புறம் ஒருவர் எல்லாவற்றையும் செய்ய மற்ற மூவரும் தலையாட்டுவது. அதற்கு நாங்கள் வைத்த விதி, கூட்டத்தின் முதல் பத்து நிமிடம் அதிகம் தெரியாதவர்தான் போன கிழமைப் பாடத்தைச் சொல்ல வேண்டும். முதல் மாதம் எல்லோருக்கும் கடுப்பு.

இது பொருந்துவது: தனியே விட்டால் நிற்கிறவர்களுக்கும், காசு இல்லாதவர்களுக்கும். பொருந்தாதது இரவு வேலைக்காரருக்கும், ஒத்த பாடத்தில் ஆள் கிடைக்காதவர்களுக்கும்.

## ஒரே பார்வையில்

| | போன் தனியே | பழைய லப்டொப் | காசு வகுப்பு | நாலு பேர் |
|---|---|---|---|---|
| யாரும் கேட்காவிட்டால் நகருமா | உங்களைப் பொறுத்தது | உங்களைப் பொறுத்தது | வகுப்பு இருக்கும்வரை | கூட்டம் இருக்கும்வரை, சிலவேளை பிறகும் |
| சிக்னல், டேட்டா | இறக்கி வைத்தால் சமாளிக்கலாம் | அப்டேட் தின்னும் | நேரத்துக்கு நல்ல சிக்னல் கட்டாயம் | குறைவு |
| கரண்ட் போனால் | பவர் பாங்க் போதும் | பட்டரியைப் பொறுத்தது | வகுப்பு தவறும் | கொப்பியில் தொடரலாம் |
| கோட், அறிக்கை | சிரமம் | மிக நன்று | கருவியைப் பொறுத்தது | நன்று, உங்கள் முறை வரும்வரை பொறுக்க வேண்டும் |
| மொழி | சொந்த முயற்சி | சொந்த முயற்சி | தமிழில் கேட்கலாம், ஆட்கள் குறைவென்றால் | மிக நன்று |
| மறைந்த செலவு | கவனம், கண் | பட்டரி, சார்ஜர், புழுதி | டேட்டா, முற்பணம் | மனவருத்தம், போக்குவரத்து |

## ஏஐ இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். சட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வந்ததிலிருந்து எந்தப் பிள்ளையின் போனிலும் இப்படி ஒன்று இருக்கிறது, தமிழிலும் பதில் சொல்கிறது. இருபதாவது நிமிடத்தில் நிற்கிறவருக்கு அது பெரிய துணை, நான் படித்த காலத்தில் இருந்திருந்தால் எத்தனையோ இரவு மிஞ்சியிருக்கும். அதை ஐந்தாவது வழியாக நான் எழுதாததற்குக் காரணம், அது நாலு வழியோடும் ஒட்டிக்கொள்ளும், ஒன்றையும் தனியே நடத்தாது.

தகராறு எங்கே என்றால், கேட்டவுடன் முழுக் கோடும் வருகிறது, ஓடுகிறது, விளங்கிய மாதிரியும் இருக்கிறது. அடுத்த நாள் வெறும் திரையில் எழுதச் சொன்னால் கை நிற்கிறது. ரோடிகர், கார்பிக்கே என்ற உளவியலாளர்கள் 2006இல் செய்த பரிசோதனை ஒன்று இதோடு பொருந்தும். ஒரு பந்தியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடத்தின் பின் வைத்த சோதனையில் முன்னுக்கு நின்றார்கள், ஒரு கிழமை கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னுக்கு. ஆகவே ஏஐயிடம் பதில் கேட்காமல் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "எனக்கு லூப் பற்றி ஐந்து கேள்வி கேள், ஒவ்வொன்றாக, பதிலை நான் சொல்லும்வரை சொல்லாதே" என்று தமிழிலேயே எழுதினால் போதும். சிலவேளை பிழையாகவும் சொல்லும், தமிழ்க் கலைச்சொல்லைத் தானே உருவாக்கியும் விடும், அதனால் கம்பஸ் நோட்ஸைப் பக்கத்தில் வைத்திருங்கள்.

## காசு செலவழிக்க முன் இரண்டு கிழமை

58 கேள்விக்கொத்தெல்லாம் வேண்டாம். இலவசக் கோர்ஸ் ஒன்றை எடுங்கள். கலண்டரில் இரண்டு கிழமைக்கு எட்டு நாட்களை வட்டம் போடுங்கள், ஒவ்வொன்றும் நாற்பது நிமிடம், நேரத்தையும் எழுதுங்கள். வீட்டில் யாரிடமும் ஞாபகப்படுத்தச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் பார்க்காமல் கொப்பியில் ஐந்து வரி, நின்றுபோன இடத்தில் என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி.

எட்டில் ஆறு, ஏழு நாள் நடந்து, நின்ற இடங்களில் நீங்களே தேடியோ யாரிடமாவது கேட்டோ தாண்டியிருந்தால் தனியே போகலாம், கருவிக்குச் செலவழியுங்கள். நாட்கள் நடந்தும் நின்ற இடங்களில் அப்படியே நின்றிருந்தால் உங்களுக்கு வேண்டியது ஆட்கள், வழி 4. மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோதான் நடந்தது என்றால் லப்டொப்புக்குக் காசு போடாதீர்கள் இப்போதைக்கு. மாதம் மாதம் கட்டும் சின்ன வகுப்பு ஒன்றைப் பாருங்கள், கூடவே குரூப் ஒன்றைத் தேடுங்கள். தாய்வான் ஆய்விலேயே மேல் வருட மாணவர்கள் கீழ் வருடத்தவர்களைவிடத் தயாராக இருந்தார்கள், ஆகவே இந்த வருடம் வராதது அடுத்த வருடம் வரும்.

## அந்த மூவருக்கும்

தங்கச்சி, உனக்கு லப்டொப் வேண்டும், ஆனால் இந்த செமஸ்டருக்கு இல்லை. கீபோர்டோடு போன், நாளில் ஒரு மணி நேரம் கம்பஸ் லப், உன் பட்சில் இன்னும் இரண்டு பேர். மூன்றாம் வருடத் தொடக்கத்தில் வாங்கு, வாங்கப் போகும்போது என்னைக் கூப்பிடு, பட்டரி ரிப்போர்ட் எடுத்துத் தருகிறேன்.

தம்பி, மாமாவின் காசைத் தொடாதே. உனக்குப் பல மாதம் இருக்கிறது, கம்பஸில் எந்தப் பாடம், என்ன மென்பொருள் என்றுகூட இன்னும் தெரியாது. இப்போது ஆங்கிலத்துக்கு மட்டும் ஒரு சின்ன வகுப்பு, ஆட்கள் குறைந்ததாக, மாதக் கட்டணத்தில். மிச்சத்தை மாமாவிடமே வைத்திருக்கச் சொல். அறிவியல்நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பீடங்களோ பம்பைமடுவோ, போய்ச் சேர்ந்து ஒரு மாதம் சீனியர்கள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்கு.

அண்ணா, உங்களுக்குத்தான் நான் பிழையாகச் சொல்லியிருந்தேன். டப்லெட் ஒன்று வாங்குங்கள், படுத்துக்கொண்டே வாசிக்கலாம் என்றேன். படுத்தால் பத்து நிமிடமும் தாங்காது. உங்களிடம் கருவியும் இருக்கிறது, விருப்பமும் இருக்கிறது, நேரம்தான் பிழையான இடத்தில் கிடக்கிறது. இரவை விடுங்கள். காலை நாலரைக்கு எழும்பி வேலைக்குப் போக முன் ஐம்பது நிமிடம், கதிரையில் இருந்து. அந்த நேரம் சிக்னலும் நன்றாக இருக்கும், ஊரில் வேறு யாரும் யூடியூப் பார்க்கமாட்டார்கள். இரண்டு கிழமை கலண்டரில் வட்டம் போட்டுவிட்டு எத்தனை நாள் எழும்பினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம்.